பாட்டுப் பெட்டிக்குள் ஒரு பூட்டிய பதிவேடு

2001 அக்டோபர் 23 அன்று கலிஃபோர்னியாவின் கூப்பர்டினோவில், ஆப்பிள் வளாகத்தின் சிறிய அரங்கு ஒன்றில், ஸ்டீவ் ஜாப்ஸ் தன் ஜீன்ஸ் பாக்கெட்டுக்குள் கைவிட்டு ஒரு வெள்ளைப் பெட்டியை வெளியே எடுத்தார். 5 ஜிபி கொள்ளளவு, 399 டாலர் விலை, ஆயிரம் பாட்டு. பெயர் ஐபாட். நவம்பர் 10ஆம் தேதி கடைக்கு வந்தது. அதற்குப் பிறகு நடந்த வியாபாரக் கதை ஊரறிந்தது. அந்தப் பெட்டியை வாங்கிய சிலர் அதன் ஹார்ட் டிஸ்க்கைத் துழாவி, உள்ளே கிடந்த ஒரு கோப்பை ஆண்டுக்கணக்கில் பைட் பைட்டாகப் படித்தார்கள். இந்தக் கதை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. பேசப்பட வேண்டிய கதை.

ஐபாடைக் கணினியில் செருகினால் அதைச் சாதாரண வெளி டிஸ்க் போலவும் பயன்படுத்த முடிந்தது. வேண்டிய கோப்புகளைப் போட்டு எடுத்துச் செல்லலாம். ஆனால் ஒரு பாட்டை அப்படி இழுத்துப் போட்டால் அது டிஸ்க்கில் கிடக்கும், ஐபாடின் திரையில் வராது. ஆப்பிளின் ஐட்யூன்ஸ் மென்பொருள் வழியாக ஏற்றிய பாட்டுகள் மட்டும் வரும். அவை எங்கே இருக்கின்றன என்று தேடியவர்களுக்கு ‘ஐபாட் கன்ட்ரோல்’ என்ற மறைத்து வைத்த ஃபோல்டர் கிடைத்தது. அதற்குள் ‘மியூசிக்’, அதற்குள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாக ஃபோல்டர்கள், அவற்றுக்குள் பாட்டுகள். எம்பி3 கோப்புகள் எந்த மறைகுறியும் இல்லாமல் அப்படியே இருந்தன, எந்தக் கணினியிலும் பாடின. பிற்கால ஐட்யூன்ஸ் பதிப்புகள் அவற்றுக்கு நான்கெழுத்தில் பொருளற்ற பெயர்களைச் சூட்டின. எது இளையராஜா, எது மொசார்ட் என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அந்த ஃபோல்டருக்குள்ளேயே கையால் ஒரு பாட்டைப் போட்டாலும் ஐபாட் அதைக் கண்டுகொள்ளவில்லை. காரணம், ஐபாட் எந்த ஃபோல்டரையும் தேடிப் பார்ப்பதே இல்லை. அது படிப்பது ‘ஐட்யூன்ஸ்டிபி’ என்ற ஒரே ஒரு கோப்பை. அந்தப் பதிவேட்டில் பெயர் இருந்தால் பாட்டு உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பெட்டிக்குள் ‘இசையைத் திருடாதீர்கள்’ என்று ஒரு ஒட்டுத்தாளை ஆப்பிள் வைத்து அனுப்பியது. பாட்டையும் பெட்டியையும் காசு கொடுத்து வாங்கியவர்களுக்குக்கூட வாசலாக நின்றது இந்தக் கோப்புதான். இதன் அமைப்பை விளக்கும் ஆவணம் எதையும் ஆப்பிள் வெளியிடவில்லை.

இப்படி ஒரு பதிவேட்டை வைத்ததற்கு நல்ல பொறியியல் காரணம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் ஐபாடில் இருந்தது தோஷிபாவின் 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க். அது சுழலும் ஒவ்வொரு நொடியும் பேட்டரியைத் தின்னும். அதனால் 32 எம்பி நினைவகத்தில் சுமார் 20 நிமிடப் பாட்டை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு டிஸ்க்கை உறங்க வைத்துவிடுவார்கள். ஆயிரம் கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து தலைப்பு என்ன, பாடியவர் யார் என்று படித்துக்கொண்டிருந்தால் டிஸ்க்குக்கு உறக்கமே வராது. அந்த வேலையைக் கணினியே ஒருமுறை செய்து, பட்டியலாகத் தொகுத்துக் கொடுத்துவிட்டால், ஐபாட் அதை அப்படியே நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும். சக்கரத்தைச் சுழற்றியதும் பெயர்கள் வழுக்கிக்கொண்டு ஓடியதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம். குறை வடிவமைப்பில் இல்லை. அதை யாருக்கும் சொல்லாமல் வைத்ததில் இருந்தது.

முதலில் தவித்தவர்கள் விண்டோஸ்காரர்கள். தொடக்கத்தில் ஐபாட் மேக் கணினியோடு மட்டும் பேசியது. விண்டோஸுக்கான ஐபாட் 2002 ஜூலையில்தான் வந்தது. அப்போதும் ஐட்யூன்ஸ் கிடையாது, மியூசிக்மேட்ச் ஜூக்பாக்ஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் மென்பொருள். விண்டோஸுக்கு ஐட்யூன்ஸ் வர 2003 அக்டோபர் ஆயிற்று. இந்த இடைவெளியில் எஃப்பாட், எக்ஸ்ப்ளே போன்ற மென்பொருள்கள் முளைத்தன. லினக்ஸ்காரர்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்கு ஐட்யூன்ஸ் அன்றும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. பெர்ல் மொழியில் எழுதப்பட்ட குனூபாட், அதைத் தொடர்ந்து ஜிடிகேபாட், பிறகு பல மென்பொருள்களுக்கும் பொதுவான அடித்தளமான லிப்ஜிபாட் என்று ஒரு பரம்பரையே அங்கிருந்து கிளைத்தது. அமராக், ரிதம்பாக்ஸ் போன்ற லினக்ஸ் பாட்டு மென்பொருள்கள் ஐபாடோடு பேசியது லிப்ஜிபாட் வழியாகத்தான்.

எப்படிப் படித்தார்கள்?

ஹெக்ஸ் எடிட்டர் என்ற கருவியில் கோப்பைத் திறந்தால் எண்களின் காடு தெரியும். 0 முதல் 255 வரையிலான பைட்டுகள், வரிசை வரிசையாக. கல்வெட்டு படிப்பவர்களுக்கு ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ கண்ணில் பட்டதும் சாசனம் தொடங்கும் இடம் பிடிபடுவதுபோல, இந்தக் காட்டிலும் சில தொடக்கக் குறிகள் திரும்பத் திரும்ப வந்தன. 109, 104 என்ற எண்கள் அடுத்தடுத்து வந்தால் அவை ஆங்கிலச் சிற்றெழுத்துகளான எம், எச். அவற்றோடு இன்னும் இரண்டு எழுத்து சேர்ந்து நான்கெழுத்துக் குறியாகும். கோப்பின் முதல் நான்கு பைட் ‘எம்எச்பிடி’. அது முழுப் பதிவேட்டின் தலைப்பு. அடுத்து ‘எம்எச்எஸ்டி’, ஒரு பகுதியின் தலைப்பு. ‘எம்எச்ஐடி’ வந்தால் ஒரு பாட்டு: 109, 104, 105, 116. ‘எம்எச்ஓடி’ வந்தால் அந்தப் பாட்டைச் சேர்ந்த ஒரு சொற்றொடர், அதாவது தலைப்போ பாடகர் பெயரோ ஆல்பமோ. ‘எம்எச்ஒய்பி’ ஒரு பிளேலிஸ்ட்.

குறிக்கு அடுத்த நான்கு பைட்டில் அந்தத் தலைப்புப் பகுதியின் நீளம் இருந்தது. அதற்கடுத்த நான்கில் பெரும்பாலும் உள்ளடக்கம் முழுவதையும் சேர்த்த நீளம். சில பட்டியல் குறிகளில் மட்டும் அந்த இடத்தில் நீளத்துக்குப் பதிலாக எண்ணிக்கை. பழைய பதிப்புகளில் எம்எச்ஐடி குறிக்குப் பின்னால் 156, 0, 0, 0 என்று வரும். கடைசிப் பைட்டிலிருந்து முன்னோக்கிப் படிக்க வேண்டிய வரிசை இது. எனவே நீளம் 156 பைட்.

இந்த நீளம் எல்லாவற்றையும்விட முக்கியமான துப்பு. ஐட்யூன்ஸின் ஒவ்வொரு புதிய பதிப்பும் பாட்டுப் பதிவின் வாலில் புதுப் புதுத் தகவல்களை ஒட்டிக்கொண்டே போனது. 156 என்பது 244 ஆயிற்று, பிறகு 328, பிறகு 388. ‘பாட்டுப் பதிவு என்றால் 156 பைட்’ என்று மனப்பாடமாக எழுதிவைத்த மென்பொருள் அடுத்த பதிப்பு வந்ததும் உடைந்தது. கோப்பே சொல்லும் நீளத்தை நம்பி, புரியாத மிச்சத்தைத் தாண்டிக் குதிக்கும்படி எழுதப்பட்ட மென்பொருள் தப்பித்தது. தெரியாததைத் தெரியாததாகவே வைத்துக்கொண்டு முன்னேறும் இந்தப் பழக்கம் அந்த மனிதர்களின் மிகப் பெரிய பலம். அவர்களுடைய குறிப்புகளில் ‘அறியப்படாதது 1’, ‘அறியப்படாதது 2’ என்று பெயரிட்ட இடங்கள் ஏராளம். அவற்றில் ஊகத்தை எழுதி நிரப்ப யாரும் அவசரப்படவில்லை.

ஒரு புலத்தின் பொருளைக் கண்டுபிடிக்கும் முறை எளிது, ஆனால் பொறுமையைக் கேட்கும். ஒரு பாட்டை மட்டும் ஏற்று. பதிவேட்டை நகல் எடுத்துவை. ஐட்யூன்ஸில் அந்தப் பாட்டுக்கு மூன்று நட்சத்திரத்தை நான்காக்கு. மறுபடி நகல் எடு. இரண்டையும் ஒப்பிட்டு எந்தப் பைட் மாறியது என்று பார். 60 இருந்த இடத்தில் 80 வந்திருக்கும். ஆக, ஒரு நட்சத்திரம் 20, ஐந்து நட்சத்திரம் 100. சரியாக நான்கு நிமிடம் ஓடும் பாட்டில் 128, 169, 3, 0 என்று ஓரிடத்தில் கண்டால், பின்னிருந்து கூட்டிப் பார்த்தால் 2,40,000 வரும். நேரத்தை மில்லி நொடியில் வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துவிடும். இதற்கு மறுபாதியும் உண்டு. பைட்டைக் கையால் மாற்றி, பெட்டிக்குள் திருப்பி வைத்து, ஐபாட் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். சில மாற்றங்களை அது சட்டையே செய்யாது. சிலவற்றுக்குப் பாட்டுப் பட்டியலே காலியாகிவிடும். இரண்டுமே பாடம்தான்.

தேதிகள் நல்ல உதாரணம். பாட்டைச் சேர்த்த நாள், கடைசியாகக் கேட்ட நாள் என்று இருந்த எண்களை யூனிக்ஸ் வழக்கப்படி 1970 ஜனவரி 1 முதலான நொடிகளாகக் கணக்கிட்டால், எதிர்காலத்தில் அறுபதாண்டுக்கும் மேல் தள்ளிப்போய் நின்றன. பழைய மேக் கணினிகள் காலத்தை 1904 ஜனவரி 1 முதல் எண்ணின. இருபதாம் நூற்றாண்டின் முதல் லீப் ஆண்டிலிருந்து தொடங்கினால் கணக்குச் சுலபம் என்ற 1980களின் முடிவு அது. எண்ணிலிருந்து 2,08,28,44,800 நொடிகளைக் கழித்ததும் எல்லாத் தேதியும் சரியாக வந்து உட்கார்ந்தது. அன்று புத்தம் புதியதாக வந்த கருவிக்குள் அத்தனை பழைய கணக்கு உயிரோடு இருந்தது. கோப்புப் பாதையிலும் அதே பழமை. ஃபோல்டர்களைப் பிரிக்க சாய்கோட்டுக்குப் பதிலாக முக்காற்புள்ளி, அதுவும் பழைய மேக் வழக்கம்.

ஒலி மாதிரி வேகமான 44,100 சற்று நேரம் ஒளிந்து விளையாடியது. 0, 0, 68, 172 என்று இருந்தது. நான்கு பைட்டையும் ஒரே எண்ணாக எடுத்தால் கோடிக்கணக்கில் போகிறது. கடைசி இரண்டை மட்டும் எடுத்தால் 172 பெருக்கல் 256, கூட்டல் 68, சரியாக 44,100. முழு எண் மேல் பாதியில், பின்னம் கீழ்ப் பாதியில் என்று வைக்கும் முறை அது.

எழுத்துகளுக்கு யூனிகோடின் 16 பிட் முறையைக் கையாண்டிருந்தார்கள். எந்த மொழித் தலைப்பானாலும் பதிவேட்டில் எழுதிவிட முடிந்தது. தமிழ் ‘அ’ என்றால் 133, 11 என்று இரண்டு பைட்.

எல்லாவற்றிலும் விசித்திரம் ஸ்மார்ட் பிளேலிஸ்ட். ‘நான்கு நட்சத்திரத்துக்கு மேல், இந்த மாதம் கேட்காதவை’ என்பதுபோல விதி எழுதிவைத்தால் தானாக நிரம்பும் பட்டியல் அது. பதிவேடு முழுக்க எண்கள் சிறு முனையிலிருந்து தொடங்கும் வரிசையில் இருக்க, இந்த விதிகள் அடங்கிய துண்டு மட்டும் தலைகீழ் வரிசையில், பெரு முனையிலிருந்து எழுதப்பட்டிருந்தது. அந்தக் காலத்து மேக்கின் பவர்பிசி சில்லு பெரு முனை வரிசையில் எண்ணுவது, ஐபாடின் ஆர்ம் சில்லு சிறு முனை வரிசையில் எண்ணியது. மேக்கின் நினைவில் இருந்த விதியைத் திருப்பி எழுதாமல் அப்படியே எடுத்து ஒட்டிவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. கோப்பு அமைப்பைப் படிப்பவருக்கு அதை எழுதியவரின் வேலை மேசையும் இப்படி அவ்வப்போது கண்ணில் படும்.

ஐபாட் இந்தப் பதிவேட்டில் தானாக எதையும் எழுதாது என்பது இன்னொரு கண்டுபிடிப்பு. எத்தனை முறை கேட்டீர்கள், எப்போது கேட்டீர்கள், நட்சத்திரத்தை மாற்றினீர்களா என்பதையெல்லாம் ‘ப்ளே கவுன்ட்ஸ்’ என்ற தனிக் கோப்பில் குறித்துவைக்கும். பயணத்தில் கையாலேயே சேர்க்கும் பிளேலிஸ்ட்டுக்கும் தனிக் கோப்பு. கணினியோடு இணைத்ததும் ஐட்யூன்ஸ் அதையெல்லாம் வாசித்துத் தன் கணக்கில் சேர்த்துவிட்டு அழித்துவிடும். ப்ளே கவுன்ட்ஸில் பாட்டின் பெயர் கிடையாது. பதிவேட்டில் பத்தாவது பாட்டுக்கு இங்கே பத்தாவது வரி, அவ்வளவுதான். இதை அறியாமல் பாட்டு வரிசையை மாற்றி எழுதிவிட்டால், ஒரு பாட்டைக் கேட்ட கணக்கு இன்னொன்றின் தலையில் ஏறிவிடும். கண்ணுக்குத் தெரியாத முதல் பிளேலிஸ்ட் ஒன்றும் இருந்தது. எல்லாப் பாட்டும் அதில் இருந்தாக வேண்டும். உரிமையாளர் தன் ஐபாடுக்கு வைத்த பெயரே அதன் தலைப்பு.

இந்த அறிவெல்லாம் ஓரிடத்தில் சேர்ந்ததற்கு ஐபாட்லினக்ஸ் திட்டத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். ஐபாடிலேயே லினக்ஸை ஓட வைக்க முயன்ற குழு அது. ஐட்யூன்ஸ்டிபியின் ஒவ்வொரு குறியையும், ஒவ்வொரு பைட் இடத்தையும், அதன் நீளத்தையும் பொருளையும் அட்டவணை போட்டு அவர்கள் பொதுவில் வைத்தார்கள். விண்டோஸ் பாட்டு மென்பொருள்களான வினாம்பின் ஐபாட் இணைப்பும் ஃபூபார்2000-இன் இணைப்பும் லினக்ஸ் மென்பொருள்களும் ஒரே அமைப்பைத்தான் கையாள வேண்டியிருந்தது. ஒருவர் கண்டுபிடித்தது அடுத்த வாரம் எல்லாருக்கும் பயன்பட்டது. மறைக்கப்பட்ட ஒன்றை உடைத்தார்கள் என்று இவர்களைப் பற்றிச் சொல்வது பாதி உண்மைதான். அவர்களின் பெரிய சாதனை எழுதிவைத்தது. ஒரு நிறுவனம் எழுத மறுத்த கையேட்டை, அதன் பொருளை வாங்கியவர்கள் கூடி எழுதினார்கள்.

அந்தக் குழுவைச் சுற்றி நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நான்காம் தலைமுறை ஐபாடில் லினக்ஸை ஏற்ற, அதன் உள் நிரலைப் பிரதி எடுக்க வேண்டியிருந்தது. அதை வெளியே கொண்டுவர நேரான வழி இல்லை. ஜெர்மனியைச் சேர்ந்த 17 வயது இளைஞர் ஒருவர், சக்கரத்தைத் திருப்பும்போது ‘டிக்’ என்று ஒலி எழுப்பும் சின்னஞ்சிறு ஒலிப்பானைப் பிடித்துக்கொண்டார். நிரலின் பைட்டுகளை அந்த ‘டிக்’ ஒலிகளாக மாற்றி வெளியேற்ற வைத்தார். வெளிச்சத்தம் புகாதபடி பெட்டிக்குள் ஐபாடையும் மைக்கையும் வைத்து மணிக்கணக்கில் பதிவு செய்து, ஒலியை மறுபடி எண்களாக்கினார். 2005இல் அது வெற்றி பெற்றது.

அதே 2005 ஜனவரியில் வந்த ஐபாட் ஷஃபிளுக்குத் திரையே இல்லை. அதனால் அதற்கு எளிய பதிவேடு போதுமாக இருந்தது. ‘ஐட்யூன்ஸ்எஸ்டி’ என்ற அந்தக் கோப்பில் 18 பைட் தலைப்பு, பிறகு பாட்டுக்கு 558 பைட், அதில் 522 பைட் கோப்புப் பாதைக்கே. மிச்சத்தில் ஒலியளவு, எம்பி3யா ஏஏசியா என்ற குறி, ஷஃபிளில் வர வேண்டுமா என்ற குறி. அமைப்பு பிடிபட்டதும் ஒரு சின்னப் பைத்தான் நிரல் பரவியது. அதை ஷஃபிளுக்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம். எந்தக் கணினியிலும் பாட்டை இழுத்துப் போட்டுவிட்டு அந்த நிரலை ஓட்டினால் பதிவேட்டை அதுவே எழுதிவிடும்.

பதிவேட்டைப் படிப்பதற்கும் பாட்டுத் திருட்டுக்கும் சம்பந்தமில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 2003 ஏப்ரலில் தொடங்கிய ஐட்யூன்ஸ் கடையின் பாட்டுகளுக்கு ஃபேர்ப்ளே என்ற தனிப் பூட்டு இருந்தது. பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவர் அந்தப் பூட்டைத் தொடத் தேவையே இல்லை. அவர் செய்தது, தன்னிடம் உள்ள பாட்டைத் தன்னிடம் உள்ள கருவியில் தன் விருப்பமான மென்பொருளால் ஏற்றியது மட்டும். ஒத்தியங்குவதற்காக ஒரு நிரலைப் பிரித்துப் பார்ப்பதற்கு இடம் உண்டு என்று 1991இலேயே ஐரோப்பிய மென்பொருள் நெறிமுறை சொன்னது. அமெரிக்காவில் 1992இல் சேகா நிறுவனத்துக்கும் அக்கோலேடுக்கும் நடந்த வழக்கு அதே திசையில் தீர்ந்தது. 1998இன் டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்திலும் ஒத்தியங்குதலுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் பூட்டை உடைப்பதையும் உடைக்கும் கருவி தருவதையும் தண்டனைக்குரியதாக்கியிருந்தது. எது பூட்டு என்பதுதான் பின்னால் சண்டையாயிற்று.

2007 செப்டம்பர். ஐபாட் கிளாசிக், மூன்றாம் தலைமுறை நானோ, ஐபாட் டச் ஆகியவை வெளியாகின. லினக்ஸ்காரர்கள் வழக்கம்போலப் பதிவேட்டை எழுதினார்கள். புதிய பெட்டிகள் பூஜ்யம் பாட்டு என்று காட்டின. பாட்டுகள் டிஸ்க்கில் இருந்தன, பதிவேடும் முறைப்படி இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்தபோது, தலைப்பில் அதுவரை இல்லாத 20 பைட் புதிதாக முளைத்திருந்தது தெரிந்தது. 20 பைட் என்றதுமே அனுபவசாலிகளுக்குச் சந்தேகம் ஷா-1 மேல் விழுந்தது. ஒரு கோப்பு முழுவதையும் பிழிந்து 20 பைட் கையொப்பமாக்கும் கணிதமுறை அது. ஒரு பைட்டை மாற்றினாலும் கையொப்பம் முழுதும் மாறிவிடும். ஐட்யூன்ஸுக்கு மட்டும் தெரிந்த ரகசியச் சாவியோடு பிழிந்தால், வேறு யாரும் செல்லுபடியாகும் பதிவேட்டை எழுத முடியாது.

சில நாட்களுக்குள் அதுவும் திறந்துவிட்டது. ஐட்யூன்ஸ் நிரலைப் பிரித்துப் படித்தவர்கள், சாவி ஒவ்வொரு ஐபாடுக்கும் உரிய ஃபயர்வயர் அடையாள எண்ணிலிருந்து உருவாக்கப்படுவதைக் கண்டார்கள். ஃபயர்வயர் கம்பி வழியாகப் பாட்டு ஏற்றும் வசதி அந்த ஐபாட்களில் போய்விட்டிருந்தது, ஆனால் எண் மட்டும் பழைய பெயரோடு தங்கியிருந்தது. யூஎஸ்பி வழியாக ஐபாடைக் கேட்டால் அதுவே அந்த எண்ணைச் சொல்லும். சில புலங்களைப் பூஜ்யமாக்கி, சாவியோடு சேர்த்துப் பிழிந்து, கிடைத்த 20 பைட்டை உரிய இடத்தில் எழுதினால் ஐபாட் மறுபடி பாடியது. கையொப்பம் இருந்த இடத்தின் எண்ணையே பெயராக வைத்து லிப்ஜிபாட் அதை ‘ஹேஷ்58’ என்று அழைத்தது.

ஆப்பிள் அடுத்து ‘ஹேஷ்72’ என்று பின்னால் பெயர் பெற்ற கடினமான முறைக்கு மாறியது. அதைப் பற்றிய பேச்சு ப்ளூவிக்கி என்ற பொதுத் தளத்தில் நடந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், விளம்பரம் கிடையாது. ஓடியோவொர்க்ஸ் என்ற சின்ன நிறுவனம் அதை நடத்தியது. 2008 நவம்பரில் ஆப்பிளின் வழக்கறிஞர்கள் ப்ளூவிக்கிக்குக் கடிதம் அனுப்பினார்கள்: அந்தப் பக்கங்கள் டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தை மீறுகின்றன, நீக்குங்கள். பக்கங்கள் நீக்கப்பட்டன. அங்கே இருந்ததோ புதிருக்கு விடை தேடும் உரையாடல், முடிந்த கருவி எதுவும் இல்லை. பேச்சையே குற்றமாக்க முயன்றது இந்தக் கதையின் மிக மோசமான அத்தியாயம்.

எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு ஓடியோவொர்க்ஸுக்காக 2009 ஏப்ரலில் கலிஃபோர்னியா கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. ஜூலையில் ஆப்பிள் பின்வாங்கியது. சர்ச்சைக்குரிய நிரலைத் தாங்கள் இப்போது பயன்படுத்துவதில்லை, கடிதத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று எழுதியது. பக்கங்கள் மீண்டும் வந்தன, வழக்கு கைவிடப்பட்டது. ஒரு கோப்பு அமைப்பைப் பற்றிப் பேசுவது சட்டமீறலா என்ற கேள்விக்கு நீதிபதி விடை சொல்லும் வாய்ப்பும் அதோடு போனது.

பதிவேடு மறுபடி நீதிமன்ற ஏட்டில் வந்தது 2014 டிசம்பரில், ஓக்லாந்தில். 2006 செப்டம்பரின் ஐட்யூன்ஸ் 7.0 ‘சாவிக்கொத்துச் சரிபார்ப்பு நிரல்’ ஒன்றைக் கொண்டுவந்தது. 2007 செப்டம்பரின் 7.4 ‘தரவுத்தளச் சரிபார்ப்பு நிரல்’ ஒன்றைக் கொண்டுவந்தது. இவற்றால் போட்டியாளர்களை வெளியே நிறுத்தி ஐபாட் விலையை ஆப்பிள் உயர்த்தி வைத்தது என்பது வாங்கியவர்களின் கூட்டு வழக்கு. 2004இல் ரியல்நெட்வொர்க்ஸ் தன் கடைப் பாட்டுகளை ஐபாடில் ஓடவைக்க ஹார்மனி என்ற தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்ததிலிருந்து தொடங்கிய தகராறு இது. கேட்ட இழப்பீடு சுமார் 35 கோடி டாலர். 2011இல் மறைந்த ஜாப்ஸ் இறப்பதற்குச் சில மாதங்கள் முன் அளித்த வாக்குமூலத்தின் காணொளி நடுவர்களுக்குக் காட்டப்பட்டது. பதிவேடு கெடாமல் காப்பதும் இசை நிறுவனங்களோடு செய்த ஒப்பந்தத்தைக் காப்பதும்தான் நோக்கம் என்றது ஆப்பிள். எட்டு நடுவர்களும் ஒருமனதாக, ஐட்யூன்ஸ் 7.0 உண்மையான மேம்பாடே என்று டிசம்பர் 16 அன்று ஆப்பிள் பக்கம் தீர்த்தார்கள்.

அந்தத் தீர்ப்புக்குள் காலம் மாறிவிட்டிருந்தது. பதிவேடு சுருக்கப்பட்ட வடிவுக்கும், பின்னர் எஸ்க்யூலைட் தரவுத்தளங்களுக்கும் போயிருந்தது. ஹேஷ்72-க்கு, ஐட்யூன்ஸ் ஒருமுறையாவது எழுதிய பதிவேட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டால் சமாளிக்க முடிந்தது. அதற்கடுத்து வந்த ‘ஹேஷ்ஏபி’க்கு லிப்ஜிபாட் வெளியிலிருந்து ஒரு மூடிய நிரல் துண்டை நம்ப வேண்டியிருந்தது. ஐபாட் கிளாசிக் 2014 செப்டம்பரில் விற்பனையிலிருந்து போனது. நானோவும் ஷஃபிளும் 2017 ஜூலையில். கடைசியாக ஐபாட் டச் 2022 மேயில்.

பழைய கிளாசிக்குகளையும் வீடியோ ஐபாட்களையும் இன்று தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்டி கார்டு பொருத்துகிறார்கள். 1,000 ஜிபி வரைகூட. அப்படிச் செய்தவர்கள் எதிர்பாராத சுவர் ஒன்றில் முட்டிக்கொள்கிறார்கள்: இடம் மிச்சமிருக்கும்போதே ஐபாட் திணறுகிறது. 32 எம்பி நினைவகம் உள்ள பெட்டி சுமார் 20,000 பாட்டிலும், 64 எம்பி உள்ளது சுமார் 50,000 பாட்டிலும் நின்றுவிடுகிறது. பதிவேட்டை முழுதாக நினைவகத்தில் ஏற்றுவது என்ற 2001இன் முடிவுதான் காரணம். எவ்வளவு இடம் பிடிக்கும் என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், அட்டவணைகள் பொதுவில் இருக்கின்றன. பாட்டுப் பதிவின் தலைப்புக்கு 388 பைட். கோப்புப் பாதை 32 எழுத்து, எழுத்துக்கு 2 பைட் வீதம் 64, அதன் குறிக்கும் நீளத்துக்கும் 40, ஆக 104. தலைப்பு, பாடகர், ஆல்பம் ஒவ்வொன்றும் 20 எழுத்து என்றால் மூன்றுக்கும் 240. இசை வகையும் கோப்பு வகையும் மறைவான முதல் பிளேலிஸ்ட்டில் ஒரு வரியும் சேர்ந்தால் பாட்டுக்கு ஏறத்தாழ 1 கேபி. 50,000 பாட்டுக்கு 50 எம்பி. பாட்டு ஓடவும் திரை வரையவும் மிச்சம் 14.